சொல்லாமல் வைத்த பொருத்தனை

பிள்ளைகளுக்கு விசுவாசத்தைப் போதிக்கும் கடமை தகப்பனுடையது என்பதில் கிறிஸ்தவ வேதத்திற்கு யாதொரு ஐயமும் இல்லை. அக்கடமையை எவ்விதம் நிறைவேற்றுவது என்ற இடத்தில்தான் அது இரு பக்கமும் எச்சரிக்கை செய்கிறது. வீட்டில் அமர்ந்திருக்கையிலும் வழியில் நடக்கையிலும் படுக்கையிலும் எழுகையிலும் கற்பனைகளைப் பிள்ளைகளோடு பேச வேண்டும் என்று உபாகமத்தின் ஆறாம் அதிகாரம் விதிக்கிறது. பிள்ளைகளுக்குக் கோபமூட்டி அவர்களை மனமடியச் செய்யாதிருக்கும்படி எபேசியருக்கும் கொலோசெயருக்கும் எழுதிய நிருபங்களில் பவுல் தகப்பன்மாரைக் கேட்டுக்கொள்கிறார். சாமுவேலின் முதற்புத்தகத்தில் வரும் ஏலியோ, தன் குமாரரை அடக்காமற்போன குற்றத்திற்காக வீட்டோடு தண்டனை பெற்ற ஆசாரியன். அடக்காதவனும் குற்றவாளி, அடக்கி மனமுறியச் செய்தவனும் குற்றவாளி என்றால் நடுவில் உள்ள பாதை எது என்ற கேள்விக்கு வேதசாஸ்திரிகள் எழுதிய விடைகள் ஏராளம். அவற்றைக் காட்டிலும், அத்தகைய தகப்பன்மாரின் கீழ் வளர்ந்த பிள்ளைகள் எழுதிவைத்த சாட்சியே நமக்கு அதிகம் பயன்படும் என்பது என் கருத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிரிட்டனில் வாழ்ந்த இரண்டு தகப்பன்மாரைப் பற்றிய சாட்சிகளையும், நம் மண்ணோடு சம்பந்தப்பட்ட ஒரு குடும்பத்தின் சரித்திரத்தையும் இங்கே பரிசீலிப்போம்.

தகப்பனைத் தன் வீட்டின் குருவாக ஏற்படுத்தியது பெரும்பாலும் புராட்டஸ்டண்டு சீர்திருத்தமே. 1529இல் மார்ட்டின் லூத்தர் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்தில், பத்துக் கற்பனை, விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம் முதலான ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும், வீட்டுத் தலைவன் இதனைத் தன் வீட்டாருக்கு எளிய முறையில் கற்பிக்க வேண்டும் என்ற குறிப்பு காணப்படுகிறது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு காலத்திலேயே தமிழில் வந்த நூல் அது. நம் லுத்தரன் சபையாருக்குப் புதிதன்று. ஸ்காட்லாந்துச் சபையோ இன்னும் ஒரு படி மேலே சென்று, 1647இல் குடும்ப ஆராதனைக்கென்றே ஒரு விதிநூலை ஏற்படுத்தி, வீடுதோறும் ஆராதனை நடைபெறுகிறதா என்று போதகரும் மூப்பரும் விசாரிக்கவும், அலட்சியமாயிருக்கும் குடும்பத் தலைவனை முதலில் தனிமையில் கடிந்துகொள்ளவும், திருந்தாவிட்டால் சபை மன்றத்தில் கண்டிக்கவும், அதற்கும் மசியாதவனை இராப்போஜனத்திலிருந்து விலக்கிவைக்கவும் அதிகாரம் அளித்தது. விதியால் ஒரு மனிதனை அதிகாரம் வாசிக்கச் செய்யலாம். அதற்குமேல் ஒன்றையும் செய்விக்க முடியாது. கவி ராபர்ட் பர்ன்ஸின் தகப்பனார் தம் பிள்ளைகளுக்கென்று தகப்பனும் மகனும் சம்பாஷிக்கும் முறையில் ஒரு மதபோதனைக் கையேட்டையே உருவாக்கிவைத்த பக்திமான். அவருடைய மகன் ஏழை உழவனின் சனிக்கிழமை இரவு ஆராதனையை 1786இல் வெளிவந்த தம் முதல் நூலில் உருக்கமாகப் பாடினார் என்பதும், அதே மகன் தம் நடத்தைக்காகச் சபை மன்றத்தின் முன் கடிந்துகொள்ளப்பட்டார் என்பதும் ஒருங்கே உண்மை.

பர்ன்ஸ் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்து 1796இல் மரித்த டம்ஃபிரீஸ் நகருக்கு நான்கு மைல் தொலைவில் டோர்தர்வால்ட் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே காலுறை நெய்து பிழைத்த ஜேம்ஸ் பேட்டன் என்பவரே நம் முதல் தகப்பன். அவருக்குப் பதினொரு பிள்ளைகள். மூத்த மகன் ஜான் பேட்டன் 1824இல் பிறந்து, பின்னாளில் பசிபிக் சமுத்திரத்தின் நியூ ஹெப்ரிடிஸ் தீவுகளுக்கு, அதாவது இன்றைய வனுவாட்டுவுக்கு, மிஷனரியாகச் சென்றவர். அவருடைய சுயசரிதத்தின் முதற்பாகம் 1889இல் வெளிவந்தது. அதன் தொடக்க அத்தியாயங்களில் வரும் வீட்டு வர்ணனை, இப்பொருளைக் குறித்து எழுதப்பட்ட எந்தப் பிரசங்கத்தைக் காட்டிலும் எனக்கு மேலாகத் தோன்றுகிறது.

வேய்ந்த கூரையுடைய அவ்வீட்டில் அறைகள் மூன்றே. ஒரு கோடியில் சமையலும் படுக்கையும் உணவும் நடைபெறும் அறை, தாயின் ஆட்சிக்குட்பட்டது. மறு கோடியில் ஐந்தாறு தறிச்சட்டங்கள் இடைவிடாது இயங்கும் தகப்பனின் தொழிற்கூடம். இரண்டிற்கும் நடுவே, ஒரு கட்டிலும் சிறு மேசையும் நாற்காலியும் மட்டுமே கொள்ளத்தக்க, சின்னஞ்சிறு ஜன்னல் ஒன்றுடைய அறை. நாள்தோறும் ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னரும் தகப்பன் அந்நடு அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொள்வார். அவர் அங்கே தங்களுக்காக ஜெபிக்கிறார் என்பதைப் பிள்ளைகளுக்கு ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை. கதவுக்கு வெளியே சில வேளைகளில் கேட்ட நடுங்கிய குரலிலிருந்து அவர்களாகவே அறிந்துகொண்டார்கள். அறிந்துகொண்ட பின் அக்கதவைக் கடக்கும்போதெல்லாம் நுனிக்காலால் நடக்கக் கற்றுக்கொண்டார்கள். பெரிய குற்றம் ஏதேனும் செய்த பிள்ளையைத் தண்டிக்க வேண்டியிருந்தாலோ, பிரம்பை எடுப்பதற்கு முன் தகப்பன் முதலில் அவ்வறைக்குள் செல்வார். தண்டனையில் தாங்குவதற்கு அரிய பகுதி அதுவே என்று மகன் எழுதுகிறார். கோபத்தின் சூட்டில் ஓங்கிய கைக்கும், தன் கோபத்தை வேறோர் இடத்தில் இறக்கிவைத்துவிட்டு வந்த கைக்கும் உள்ள பேதம் அடிபட்ட பிள்ளைக்குத் தெரியாமற்போகாது.

மற்ற விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காலையும் மாலையும் குடும்ப ஆராதனை ஒரு நாளும் தவறியதில்லை. டம்ஃபிரீஸிலுள்ள சபைக்கு நான்கு மைல் நடந்து செல்லும் தகப்பனின் வழக்கம், நாற்பது ஆண்டுகளில் ஆழ்ந்த பனியாலும் உறைபனியின் வழுக்கலாலும் அந்நகரில் பரவிய வாந்திபேதியாலும் மூன்றே முறை தடைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை வேத வாசிப்பிலும் வினாவிடையிலும் தாயும் பங்கெடுத்தாள். பக்தியுள்ள தகப்பன்மாரின் கீர்த்தியை எழுதும்போது, போதனையின் பெரும்பகுதியை அடுப்பங்கரையிலிருந்தே நடத்திய தாய்மாரைச் சரித்திரம் எளிதில் மறந்துவிடுகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தொழிற்கூடம் வீட்டிற்குள்ளேயே இருந்தபடியால், கூலி குறைந்த வாரத்தில் தகப்பனின் முகம் எப்படியிருந்தது, கடன்காரனிடம் என்ன வார்த்தை பேசினார், நூல் அறுந்தபோது என்ன செய்தார் என்பன யாவும் பிள்ளையின் கண்முன் நடந்தன. ஜானும் பன்னிரண்டு வயது நிறையுமுன் அத்தறியிலேயே அமர்ந்து, காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணிவரை வேலை செய்தவர். உணவு இடைவேளைகளில் கிடைத்த நிமிஷங்களில் லத்தீனும் கிரேக்கமும் படித்தார். நீராவி ஆலைகள் கைத்தறிச் சட்டங்களை விழுங்கி, தகப்பன்மாரை விடியுமுன் வீட்டைவிட்டுக் கொண்டுபோய் இருட்டிய பின் திருப்பி அனுப்பத் தொடங்கியபோது, இந்தப் பிரத்தியட்சப் பாடசாலை மூடப்பட்டது. தகப்பனின் முன்மாதிரியைக் குறித்துப் பேசும் பிரசங்கிகள் இப்பொருளாதாரக் காரணத்தை ஏனோ தொடுவதேயில்லை.

ஜான் படிப்பையும் வேலையையும் தேடிக் கிளாஸ்கோவுக்குப் புறப்பட்ட நாளில், கில்மார்னக் வரையில் ஏறத்தாழ நாற்பது மைல் நடந்து அங்கிருந்து ரயிலேற வேண்டியிருந்தது. உடைமைகள் யாவும் ஒரு கைக்குட்டையில் அடங்கின. முதல் ஆறு மைல் தகப்பன் உடன் நடந்தார். கடைசி அரை மைலில் இருவரும் பேசவில்லை. தகப்பன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, உதடுகள் மட்டும் அசைய, நடந்தார். பிரிந்த பின் மகன் ஒரு திருப்பத்தில் மறைந்து அழுதுவிட்டு, வேலிக் கரையின் மேல் ஏறித் திரும்பிப் பார்க்கையில், தகப்பனும் அதேபோல் ஏறி நின்று மகனைத் தேடிக்கொண்டிருந்தாராம். தகப்பன் மகனைக் காணவில்லை. மகன் கண்டது தகப்பனுக்குத் தெரியவுமில்லை. சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு இறங்கி, தொப்பியில்லாத் தலையோடு வீட்டை நோக்கி நடந்தார் என்று மகன் எழுதும் அவ்விடத்தை அழாமல் வாசிப்பது கடினம். ஆராய்ச்சியாளனுக்கு அதனினும் முக்கியமானது வேறொரு செய்தி. பல ஆண்டுகளுக்குப் பின், நரமாமிசம் உண்போர் வாழ்வதாகப் பேர்பெற்ற தீவுகளுக்குச் செல்ல ஜான் தீர்மானித்து, நண்பர்கள் பலர் தடுத்து, பெற்றோரின் கருத்தைக் கேட்டபோதுதான், மூத்த மகனாகிய அவரைப் பிறந்தபோதே மிஷனரி ஊழியத்திற்கென்று தேவனுக்குப் பொருத்தனை செய்திருந்ததை அவர்கள் வெளியிட்டார்கள். அதுவரை சொல்லாதிருந்த காரணம், மகனுடைய மனம் தங்கள் விருப்பத்தினால் ஒரு பக்கம் சாய்ந்துவிடலாகாது என்ற அச்சமே. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நாள்தோறும் மும்முறை ஜெபத்தில் உச்சரித்த ஆசையை, அடுத்த அறையில் இருந்த மகனிடம் ஒரு முறையேனும் சொல்லாமல் அடக்கிக்கொண்ட அந்த நெசவாளியின் கட்டுப்பாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி இரண்டாவது தகப்பன். பிலிப் ஹென்றி காஸ் 1810இல் பிறந்த இயற்கை நூலறிஞர். கடலுயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் கலையை இங்கிலாந்தில் பரப்பியவர். பிளிமத் சகோதரர் என்னும் கண்டிப்பான பிரிவைச் சேர்ந்தவர். அவருடைய ஒரே மகன் எட்மண்ட் காஸ் இலக்கிய விமர்சகராகப் பேரெடுத்து, 1907இல் 'தந்தையும் மகனும்' என்ற பொருளுடைய நூலை முதலில் தம் பெயரிடாமல் வெளியிட்டார். மகன் தகப்பனின் விசுவாசத்தை விட்டு நீங்கிய கதை அது. இவ்விரு தகப்பன்மாரையும் ஒப்பிடுவோர், ஒருவர் உண்மையானவர், மற்றவர் வேஷதாரி என்று எளிதாகத் தீர்ப்பிட்டுவிட முயல்வதுண்டு, அது அநியாயம். பிலிப் காஸ் வேஷதாரியல்லர். பூமியின் வயதைக் குறித்து விஞ்ஞானம் சொல்வதையும் ஆதியாகமம் சொல்வதையும் இணைக்க அவர் 1857இல் எழுதிய நூல் விஞ்ஞானிகளாலும் சபையாராலும் ஒருங்கே ஏளனம் செய்யப்பட்டபோதும் அவர் தம் கொள்கையிலிருந்து அணுவளவும் விலகவில்லை. மகனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு டெவன் கரையின் பாறைக் குட்டைகளில் கடற்பூக்களைத் தேடிய காலங்களை மகனே அன்போடு நினைவுகூர்கிறார். சொல்லும் செயலும் ஒன்றாயிருப்பதே முன்மாதிரி என்றால் பிலிப் காஸ் குறையற்ற முன்மாதிரி.

குறை வேறிடத்தில் இருந்தது. 1857இன் தொடக்கத்தில் எட்மண்டின் தாய் எமிலி புற்றுநோயால் மரிக்கையில், ஏழு வயதுச் சிறுவனைத் தேவ ஊழியத்திற்கென்று தகப்பன் கையில் ஒப்படைத்துப் போனார். அப்பொருத்தனை அன்று முதல் பையனின் தலைமேல் ஏற்றப்பட்ட சுமையாயிற்று. பத்து வயதிலேயே மூப்பர்கள் அவனைச் சோதித்து, முதிர்ந்த விசுவாசிக்குரிய ஞானஸ்நானத்தைப் பகிரங்கமாகக் கொடுத்தார்கள். அயல்வீட்டார் தம் பிள்ளைகளின் விருந்துக்கு அவனை அழைத்தபோது நேர்ந்ததை எட்மண்ட் விஸ்தாரமாக எழுதியிருக்கிறார். போகக்கூடாது என்று தகப்பன் சொல்லவில்லை. கர்த்தரிடம் கேட்போம் வா என்று மகனை அருகில் முழங்காற்படியிடச் செய்து, உலக இன்பங்களின் அபாயத்தை ஜெபத்தினூடே நன்றாக விளங்கவைத்து, முடிந்தபின் கர்த்தர் என்ன விடை கொடுத்தார் என்று கேட்டார். வரவேண்டிய விடை எது என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. கர்த்தர் போகலாம் என்கிறார் என்று பையன் சொன்னான். தகப்பனால் ஒன்றும் பேச முடியவில்லை. இதில் நகைப்பதற்கு நிறைய இருக்கிறது. ஆயினும், ஜெபத்தையே கட்டளையின் கருவியாகப் பயன்படுத்தினால் அதே கருவி பிள்ளையின் கையிலும் வந்துசேரும் என்பதை அந்த அறிஞர் முன்கூட்டி எண்ணவில்லை என்பதுதான் வருந்தத்தக்கது. பேட்டன் வீட்டில் தகப்பனின் ஜெபம் சாத்திய கதவுக்குள் நடந்தது. காஸ் வீட்டில் மகனுடைய மனச்சாட்சிக்கே கதவு இல்லை. பிற்பாடு லண்டனில் வேலைக்குச் சென்ற மகனைத் தொடர்ந்து, அவனுடைய விசுவாச நிலையை விசாரிக்கும் கடிதங்கள் ஓயாது வந்துகொண்டிருந்தன.

இன்னொரு சிறு நிகழ்ச்சியும் இங்கே பொருந்தும். தகப்பன் எல்லாம் அறிந்தவர் என்று நம்பியிருந்த குழந்தை, தான் நேரில் கண்ட ஒரு விஷயத்தை அவர் தவறாகச் சொல்லக் கேட்ட அன்று, தகப்பனும் அறியாதது உண்டு என்ற எண்ணத்தால் அதிர்ந்துபோனதாம். பிழைபடாதவராக நிறுவப்பட்ட தகப்பனிடம் காணப்படும் முதற்பிழை பிழையாக மட்டும் நிற்பதில்லை. அவர் எதை நம்பச் சொன்னாரோ அதனையும் சேர்த்தே அசைக்கிறது.

மூன்றாவது குடும்பத்தின் சரித்திரத்தில் என் வாதம் சற்று இடறுகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. நியூயார்க்கில் நல்ல வருமானத்தோடு வைத்தியம் செய்துகொண்டிருந்த ஜான் ஸ்கட்டர், பம்பாயில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரிமார் எழுதிய சிறு பிரசுரமொன்றை நோயாளி ஒருவரின் வீட்டில் வாசித்து, 1819இல் மனைவி ஹாரியட்டுடன் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்துசேர்ந்தார். பண்டத்தரிப்பில் பல ஆண்டுகள் இருந்தபின் 1836இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். பிள்ளைகளைக் குறித்த அவர் பொருத்தனையில் இரகசியம் ஏதுமில்லை. மூத்த மகனுக்கு, இந்தியாவில் ஊழியம் செய்து இளமையில் மரித்த ஹென்றி மார்ட்டின் என்னும் போதகரின் பெயரையே இட்டார். ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த நாளையும் தாய் ஜெபத்தில் கழித்தாள் என்று குடும்பத்தார் சொல்லி வந்திருக்கிறார்கள். ஆனால் அக்கால மிஷனரிக் குடும்பங்களின் வழக்கப்படி பிள்ளைகள் சிறு வயதிலேயே கல்விக்கென்று அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, பெற்றோரின் முகம் காணாமல் வளர்ந்தார்கள். ஆயினும் பெரியவர்களான பின் ஏழு குமாரர்கள் இந்திய ஊழியத்துக்கு வந்தார்கள். அவர்களுள் ஹென்றி, வில்லியம், ஜோசப் என்னும் மூவர் 1853இல் ஆற்காடு மிஷனை ஸ்தாபித்தார்கள். வெளிப்படையான பொருத்தனை காஸ் வீட்டில் சுமையானது. இங்கே ஏன் அவ்வாறு ஆகவில்லை? கடல் கடந்த தூரமே அப்பிள்ளைகளுக்குத் தாங்களாகத் தீர்மானிக்கும் இடத்தைத் தந்தது என்று நான் ஊகிக்கிறேன். அந்த இடத்துக்கு அப்பிள்ளைகளின் தாய் கொடுத்த விலையை நினைத்தால், அதனை ஒரு முறையாகச் சிபாரிசு செய்ய யாருக்கும் மனம் வராது.

அக்குடும்பத்தின் அடுத்த தலைமுறையில் வரும் செய்தியை வேலூரைச் சுற்றியுள்ளவர்கள் அறிவார்கள். ஏழு சகோதரருள் இளையவரான ஜான் ஸ்கட்டரின் மகள் ஐடா 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் பெரும் பஞ்சத்தைக் கண்டு, இந்நாட்டில் வாழ்வதில்லை என்ற உறுதியோடு அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவர். நோயுற்ற தாயைப் பார்க்கத் திண்டிவனம் வந்திருந்த காலத்தில் ஓர் இரவு, ஒருவர்பின் ஒருவராக மூன்று பேர், ஒருவர் பிராமணர், ஒருவர் முகம்மதியர், மற்றொருவர் வேறொரு உயர்சாதி இந்து, பிரசவ வேதனையில் தவிக்கும் தம் மனைவியைக் காப்பாற்ற வரும்படி அழைத்தார்கள். தாம் வைத்தியரல்ல, தம் தந்தையே வைத்தியர் என்று ஐடா சொல்ல, பிற ஆடவர் தம் பெண்டிரைத் தொடுவதை மூவரும் ஏற்கவில்லை. காலையில் மூன்று பெண்களும் இறந்துபோன செய்தி வந்தது. தேர்ந்த வைத்தியரான தகப்பன் அதே வீட்டில் இருந்தும் ஒன்றும் செய்ய இயலாத அவ்விரவே மகளின் தீர்மானத்தை மாற்றியது. தகப்பனின் இயலாமை எட்மண்ட் காஸின் நம்பிக்கையை அசைத்தது. ஐடா ஸ்கட்டருக்கு அதுவே தான் செய்யவேண்டிய வேலை எது என்று காட்டிற்று. இந்தத் தகப்பன் தம்மை யாவும் வல்லவராக மகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தால் முடிவு வேறாயிருந்திருக்கும். ஐடா 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900இல் வேலூருக்குத் திரும்பி, ஒரே கட்டிலோடு வைத்தியத்தைத் தொடங்கினார். தகப்பன் அவ்வாண்டே மரித்தார். 1902இல் மருத்துவமனையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் அங்கே எழுந்தன.

இச்சாட்சிகளை எடைபோடும்போது ஒரு ஜாக்கிரதை வேண்டும். பேட்டன் எழுதியது, தகப்பன் இறந்து இருபது ஆண்டுகள் கழித்து, மிஷன் ஊழியத்தை ஆதரிக்கும் வாசகருக்காக. அந்தக் கண்ணீரில் காலமும் கலந்திருக்கும். எட்மண்ட் காஸின் நூலில் உள்ள நினைவுப் பிழைகளையும் மிகைகளையும், பிலிப் காஸின் சரிதத்தை 2002இல் வெளியிட்ட ஆன் துவைட் எடுத்துக்காட்டி, அந்தத் தகப்பன் மகன் வரைந்ததைவிட மிக இளகியவர் என்று நிறுவ முயன்றிருக்கிறார். தகப்பன்மார் தம் தரப்பில் சாட்சி சொல்ல வரவில்லை. ஜேம்ஸ் பேட்டனின் பதினொரு பிள்ளைகளுள் மூவர் போதகரானார்கள். மற்ற எட்டுப் பேரும் தங்கள் வீட்டை எவ்வாறு நினைத்திருந்தார்கள் என்று எழுதவில்லை. இவற்றையெல்லாம் தள்ளிக் கழித்த பின்னும், மகனைப் பார்த்து ஜெபித்த தகப்பனைவிட, மகன் பார்க்கிறான் என்பதை எண்ணாமலே ஜெபித்த தகப்பன் ஆழமாகப் பதிந்தான் என்ற முடிவிலிருந்து நான் தப்ப முடியவில்லை.

தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் ஏழெட்டுத் தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாயிருக்கும் குடும்பங்கள் பல உண்டு. மாலை விளக்கேற்றியவுடன் பாயை விரித்துக் குடும்ப ஜெபம் நடத்திய உபாத்தியாயர்களும் உபதேசியார்களும் உழவர்களும் அவற்றில் வாழ்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பிள்ளைகள் எழுதியவை மிகச் சிலவே. குடும்ப வேதாகமத்தின் முதல் ஏட்டில் பிறப்பும் ஞானஸ்நானமும் மரணமும் குறித்த நாலைந்து வரிகளோடு பெரும்பாலோர் சரித்திரம் முடிந்துபோகிறது. அப்படியொரு தகப்பனின் வீட்டில் வளர்ந்தவர்கள், அவ்வீட்டை விரும்பியவர்களும் அதனைவிட்டு விலகியவர்களும், புகழவும் பழிக்கவும் முற்படாமல் கண்டதைக் கண்டபடி எழுதிவைக்க வேண்டுகிறேன். பெண்மக்கள் எழுதினால் இன்னும் நல்லது.